இருக்கிறதை முதலில் திருத்துவோம்

சென்ற மாரி தொடங்குவதற்கு முன் ஒரு நாள் இரவு. சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மகன் என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் அப்படி வந்து உட்கார்ந்தால் ஏதோ கேட்கப் போகிறான் என்று எனக்குத் தெரியும்.

“அம்மா, உங்கடை சீட்டு எப்ப விழும்?”

“தையிலை. ஏன் கேக்கிறாய்?”

“மோட்டார் சைக்கிளுக்குச் சொக் அப்சோபர் மாத்த வேணும். பின்னுக்குப் புதுசு, முன் போர்க்குக்கு வேறை ஸ்பிரிங். ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் முடியும். என்னட்டை எழுபது இருக்கு. மிச்சத்தை நீங்கள் தந்தால்...”

என் சீட்டுக் காசு ஒரு லட்சத்து இருபதாயிரம். குசினிக் கூரைத் தகரத்தை மாற்றவென்று மாதம் மாதம் தைத்துக் கட்டிய காசு. அவன் கேட்டது அதில் ஒரு லட்சத்துப் பதினையாயிரம்.

என் மகனுக்கு 22 வயது. கிளிநொச்சியில் ஒரு கராஜில் வேலை செய்கிறான். அவனிடம் இருப்பது பழைய பல்சர் 200. இரண்டாம் கையாக வாங்கியது. சிநேகிதர்களோடு களுத்துறைப் பக்கம் உள்ள கட்டுக்குருந்த ஓடுபாதைக்கு ஒரு முறை போய், பயிற்சி நாளொன்றில் ஓடிவிட்டு வந்திருந்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை தன் விமானங்களுக்காக அமைத்த தளம் அது. இப்போது அங்கே காரும் மோட்டார் சைக்கிளும் பந்தயம் ஓடுகின்றன. போய் வந்த நாள் முதல் அவனுடைய கதை முழுவதும் அதுதான். வளைவுக்கு முன் பிரேக் பிடித்தால் முன்பக்கம் குத்தி இறங்குகிறதாம். கரடான இடத்தில் பின் சக்கரம் துள்ளுகிறதாம். மற்றவர்கள் எல்லோரும் சொக் அப்சோபர் மாற்றியிருக்கிறார்களாம்.

உடனே நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதுதான் சரி.

சகோதரிகளே, உங்களில் பலருக்கு இது விளங்கும். தகப்பனை இழந்த பிள்ளை ஒன்றைக் கேட்டால் எங்களுக்கு ‘இல்லை’ என்று சொல்ல வாய் வராது. 2009 இல் அவர் போனபோது இவனுக்கு ஆறு வயது. முகாமில் இவன் ஒரு சைக்கிள் ரயரைத் தடியால் உருட்டிக்கொண்டு திரிவான். அதைப் பார்க்கும்போதெல்லாம், வீட்டுக்குப் போனதும் இவன் கேட்பதை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். 2010 இல் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும்தான் இருந்தது. கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுக்க என்னால் முடியவில்லை. அந்தக் குறை இன்னும் என்னுள் இருக்கிறது.

மறுபக்கம் பயம். 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவையில் நடந்த பொக்ஸ்ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்த்துக்கொண்டு நின்ற சனத்துக்குள் புகுந்தது. ஒரு சின்னப் பிள்ளை உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அன்றிரவு தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவள் நான். ஒருவரைப் பறிகொடுத்த பின் இன்னொருவரையும் அனுப்பிவிட்டு எப்படி இருப்பது?

குற்ற உணர்வு ‘கொடு’ என்றது. பயம் ‘கொடாதே’ என்றது. இரண்டுமே மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் நான் இரண்டு நாள் கழித்து யோசித்தேன்.

நானும் மோட்டார் சைக்கிள் தெரியாதவள் அல்ல. சண்டைக் காலத்தில் வன்னியில் எம்.டி. 90 ஓடியவள். பெற்றோல் கிடைக்காத நாட்களில் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடினோம். ஜெயபுரம், முழங்காவில் பக்கம் குன்றும் குழியுமான வீதியில் போய் வந்தால் இரவு முதுகு நிமிராது. பழுதானால் புதிய சாமான் கிடையாது. இருக்கிறதைக் கழற்றி, கழுவி, திருப்பிப் பூட்டிப் பார்ப்போம். அதிலேயே பாதிப் பழுது போய்விடும்.

அந்த ஞாபகம் வந்ததும், “முதல்லை உன்ரை கராஜ் அண்ணையைக் கேப்பம். நானும் வாறன்” என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. தாய் கராஜுக்கு வருவது வெட்கமாம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனான்.

கராஜ்காரர் ஐம்பது வயது தாண்டியவர். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“தங்கச்சி, இவன் எண்ணெய் மாத்தினவனோ எண்டு கேளுங்கோ.”

“எஞ்சின் ஒயில் மாத்திறனான்தானே!” என்றான் மகன்.

“எஞ்சின் ஒயில் இல்லையடா. போர்க் ஒயில்.”

மகன் பேசவில்லை. நாளெல்லாம் மற்றவர்களின் வண்டியைத் திருத்துகிறவன், தன்னுடையதைத் திறந்து பார்த்ததில்லை. தையற்காரியின் சட்டையில்தான் பொத்தான் இருக்காது என்பது போல.

அவர் எனக்கு விளங்கும்படி சொன்னார். சொக் அப்சோபருக்குள் இரண்டு வேலைக்காரர் இருக்கிறார்கள். ஒருவர் ஸ்பிரிங். பாரத்தைத் தாங்குவதும், பள்ளம் வந்தால் சக்கரத்தைக் கீழே தள்ளி நிலத்தோடு வைத்திருப்பதும் அவர் வேலை. ஆனால் ஸ்பிரிங்கைத் தனியே விட்டால் அமுங்கி எழும்பி ஆடிக்கொண்டே இருக்கும். அதைக் கட்டுப்படுத்துவது எண்ணெய். சிறு துளைகளுக்குள்ளால் எண்ணெய் நெருங்கி ஓடும்போது ஸ்பிரிங்கின் வேகம் குறைகிறது. வருடக்கணக்கில் மாற்றாத எண்ணெய் அழுக்காகித் தண்ணீர் போல் ஆகிவிடும். சீல் தேய்ந்திருந்தால் ஒழுகி அளவும் குறையும். பிறகு பிரேக்கைப் பிடித்ததும் முன்பக்கம் குத்தி இறங்காமல் என்ன செய்யும்? ஒழுகும் எண்ணெய் பிரேக்கில் பட்டால் அது இன்னும் ஆபத்து.

இடது பக்கப் போர்க் குழாயில் விரலை வைத்து எடுத்துக் காட்டினார். விரலில் எண்ணெய்.

பின் சக்கரம் துள்ளுவது ஏன் என்று கேட்டேன். “அளந்து பாப்பம்” என்றார். கராஜில் அளவு நாடா தேடினார்கள், கிடைக்கவில்லை. என் கைப்பையில் தையல் நாடா இருந்தது. அன்றைக்கு அளந்தவள் நான்தான்.

முதலில் பின் சக்கரம் நிலத்தில் படாதபடி வண்டியைத் தூக்கி, சக்கரத்தின் அச்சிலிருந்து நேர் மேலே இருக்கையின் கீழ் விளிம்பு வரை அளந்தேன். பிறகு வண்டியை இறக்கி, மகன் தலைக்கவசம், சப்பாத்து எல்லாம் போட்டு ஏறி இருந்தான். ஒரு பொடியன் முன்னுக்குப் பிடித்துக்கொண்டான். மீண்டும் அதே இடத்தில் அளந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் 18 மில்லிமீற்றர். ஆள் ஏறினால் வண்டி எவ்வளவு பதிகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. இப்படியான ஓட்டத்துக்கு ஏறக்குறைய 30 முதல் 35 மில்லிமீற்றர் வரை பதிய வேண்டுமாம். இவனுடைய வண்டி பதியவே இல்லை.

காரணமும் அங்கேயே தெரிந்தது. ஸ்பிரிங்கை இறுக்கித் தளர்த்தும் வளையம் கடைசிப் பல்லில் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் சாமான் மூட்டை ஏற்றி ஓடியவராம். மகனின் நிறை 58 கிலோ. பாரத்துக்கு இறுக்கிய வண்டியில் ஒல்லியான பிள்ளை. சிறு பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்க இடமில்லை. அதனால் நிலத்தை விட்டுத் துள்ளுகிறது. அவர் வளையத்தைத் தளர்த்தினார். திரும்ப அளந்தோம். 31.

“இப்ப சொல்லு, இவன் வாங்கப் போன கடும் ஸ்பிரிங் போட்டிருந்தால்?” என்று கேட்டார். மகன் தலையைச் சொறிந்தான். இன்னும் துள்ளியிருக்கும். அந்தப் படத்தில் இருந்த ஸ்பிரிங் பாரமான ஆட்களுக்கென்று செய்தது.

புதிய சொக் அப்சோபர் வீண் என்று அவர் சொல்லவில்லை. அதையும் நான் எழுத வேண்டும். தொடர்ந்து வேகமாக ஓடும்போது சாதாரண அப்சோபரின் எண்ணெய் சூடாகி வலு குறையும். நல்லதில் அது குறைவு. திரும்பி வரும் வேகத்தைத் தனியே கூட்டிக் குறைக்கவும் முடியும். ஆனால் எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று ஓடுகிறவனுக்குத் தெரிய வேண்டும். ஒரே ஒரு நாள் ஓடியவனுக்கு அது தெரியாது. தேய்ந்த ரயரிலும் பழைய பிரேக்கிலும் நின்றுகொண்டு சொக் அப்சோபரைப் பற்றிக் கதைப்பது, அத்திவாரம் இல்லாத வீட்டுக்கு நிறம் தேடுவது போல என்றார்.

அன்றிரவு ஒரு கொப்பித் தாளில் கணக்கு எழுதினோம். போர்க் எண்ணெய், சீல், கூலி 9,000. இரண்டு ரயர் 38,000. பிரேக் கட்டையும் பிரேக் எண்ணெயும் 6,500. எல்லாம் 53,500. இதே வண்டியில்தான் நான் மாதம் ஒரு முறை கிளினிக்குக்குப் போகிறேன், தைத்த உடுப்புகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஆகவே இது வீட்டுச் செலவு. நான் கொடுக்கிறேன் என்றேன்.

மற்றப் பக்கத்தில் முழு முகத்தையும் மூடும் தலைக்கவசம், தடித்த தோல் உடுப்பு, கையுறை, கணுக்கால் மூடிய சப்பாத்து என்று எழுதினேன். உடுப்பு இரண்டாம் கையாக வாங்கினாலும் எல்லாம் 70,000. அதாவது அவன் சேர்த்த காசு முழுவதும். அவனுக்கு முகம் வாடிவிட்டது.

“அம்மா, உடுப்பு போட்டால் வேகம் கூடாது.”

“விழுந்தால் எழும்பலாம் மகன்.”

அதற்குமேல் நான் சொல்லவில்லை. என் இடுப்பில் இன்னும் ஒரு செல் துண்டு இருக்கிறது. மாரியில் அது வலிக்கும். உடம்பு காயப்பட்டால் எத்தனை வருடம் அதைச் சுமக்க வேண்டும் என்று அவனுக்கு வாயால் சொல்லத் தேவையில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி” என்றான்.

நான் மூன்று விஷயம் கேட்டேன். ஓடும் இடத்தில் அம்புலன்ஸ் நிற்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். நிற்காவிட்டால் ஓடக் கூடாது. ஏ9 வீதியில் ஒரு நாளும் போட்டிக்கு ஓடக் கூடாது. வேகம் வேண்டுமென்றால் எதிரே பஸ்ஸும் மாடும் வராத இடத்தில் ஓடட்டும். மூன்றாவது, ஒவ்வொரு முறை ஓடியபின்னும் எந்த இடத்தில் என்ன நடந்தது என்று கொப்பியில் எழுத வேண்டும். சொக் அப்சோபர் வேண்டுமா என்பதை அந்தக் கொப்பியைப் பார்த்து முடிவு செய்வோம். கடன் எடுத்து வாங்குவது மட்டும் இல்லை. நுண்கடன் எடுத்து எங்கள் ஊரில் பெண்கள் பட்ட பாட்டை அவனும் பார்த்தவன்.

அதன் பிறகு இரண்டு முறை போய் வந்துவிட்டான். போகிற நாளில் என்னால் தைக்க முடியவில்லை. நூல் கோக்கவே கை நடுங்கியது. பின்னேரம் தொலைபேசி வந்த பிறகுதான் சாப்பிட்டேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய்.

கொப்பியில் முதல் முறை எழுதியிருந்தான்: “முன்பக்கம் முந்தி மாதிரிக் குத்தவில்லை. பின் சக்கரம் துள்ளவில்லை.” இரண்டாம் முறை: “மூன்றாம் வளைவில் பிரேக் பிந்திப் பிடிக்கிறேன். பிழை என்னில்.” அதை வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பிழை தன்னில் என்று எழுத ஒரு ஆண்பிள்ளை பழகுவது சின்னக் காரியமா?

சொக் அப்சோபர் ஆசை அவனை விட்டுப் போகவில்லை. போக வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. தன் சம்பளத்தில் மாதம் ஐயாயிரம் ஒதுக்குகிறான். இன்னும் சில முறை ஓடி, இன்ன இடத்தில் இன்ன காரணத்தால் இது போதாது என்று அவன் கொப்பியில் வரும் நாளில், வாங்கட்டும். அன்றைக்கு நான் மறிக்கமாட்டேன். என்னிடம் மீதியிருந்த 66,500 ரூபாயில் குசினியின் பாதிக் கூரை போட்டாயிற்று. மற்றப் பாதி அடுத்த சீட்டுக்கு.

சகோதரிகளே, பிள்ளைகள் கேட்பதற்கு இழப்பை நினைத்து ‘ஓம்’ என்று சொல்லிவிடுகிறோம். அல்லது இழப்பை நினைத்தே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுகிறோம். இடையில், “கொண்டு வா, என்னவென்று பார்ப்போம்” என்று ஒரு பதில் இருக்கிறது. அவர்களோடு போய் நின்று பாருங்கள். எங்களுக்கு விளங்காத விஷயம் என்று ஒதுங்க வேண்டாம். ஒரு தையல் நாடா போதுமாக இருந்தது.

இப்போது கிளினிக் நாளில் புறப்படும் முன் அவன் திறப்பை எடுத்துக்கொண்டு பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்துவான். நான் ஏறினால் பாரம் கூடும், வளையத்தை இரண்டு பல் இறுக்க வேண்டும். இறக்கிவிட்ட பிறகு திரும்பத் தளர்த்துவான். “அம்மா, இப்ப இடுப்பு நோகுதோ?” என்று வழியில் கேட்பான். முன்பு போல் நோகவில்லை என்பதுதான் உண்மை.