கால் நோகாத தரை

பலே நடனப் பாடசாலை ஒன்றின் உட்புறத்தை எப்படி அமைக்கிறார்கள் என்பதற்கும் எங்கள் வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பலே ஐரோப்பிய அரச சபைகளில் வளர்ந்த நடனம். ஆனால் பெண்களுக்கான பயிற்சி நிலையங்களின் வரைபடங்களை வேலையின் நிமித்தம் பார்க்கத் தொடங்கிய பின்னர், பலே வகுப்பறைகளைப் பற்றி நான் தேடித் தேடி வாசித்தேன். அங்கே பயிலும் பிள்ளையின் உடலுக்கு என்ன வேண்டும் என்பதில் இருந்துதான் அந்த அறையின் அமைப்புத் தொடங்குகிறது.

முதலில் தரை. பலே பயிலும் பிள்ளை ஒரு நாளில் எத்தனையோ தடவை துள்ளி எழுந்து இறங்குகிறாள். ஒவ்வொரு தடவையும் அவளது நிறையைப் போலப் பல மடங்கு விசை காலில் விழுகிறது. வெறும் சீமெந்துத் தரை என்றால் அந்த அதிர்ச்சி கணுக்கால், முழங்கால், இடுப்பு, முதுகு என்று மேலே ஏறும். அதனால் சீமெந்தின் மேல் இறப்பர்த் துண்டுகளை வைத்து, அவற்றின் மேல் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதற்கு மேல் பலகை பரப்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே வழுக்காத விரிப்பு. பாதம் பட்டதும் தரை சற்றே அமிழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியாது; ஆடுபவளின் முழங்காலுக்குத் தெரியும்.

அடுத்தது சுவரோரமாகச் செல்லும் கைபிடிக் கம்பி. பல இடங்களில் இது இரண்டு உயரங்களில் இருக்கும். சிறுவருக்குக் கீழே ஒன்று, வளர்ந்தவருக்கு மேலே ஒன்று. வகுப்பு வழக்கமாக அதைப் பிடித்தபடியே தொடங்கும். பிறகுதான் பிடியை விட்டு அறையின் நடுவுக்கு வருவார்கள். மேடையில் பெயர் பெற்ற கலைஞர்களும் அப்படித்தான். பிடித்துக்கொள்வதை அங்கே யாரும் பலவீனமாக எண்ணுவதில்லை.

இதை வாசித்தபோது, செயற்கைக்காலுடன் தையல் பயிற்சிக்கு வந்த ஒரு சகோதரியை நினைத்தேன். வழுவழுப்பான ரைல்ஸ் தரையில், சுவரைத் தடவித் தடவியே அவர் தன் மெசினுக்குப் போவார். அந்தச் சுவரில் ஒரு கம்பி பூட்டப் பெரிய செலவில்லை. கட்டும்போது அவரிடம் எவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பலே அறையின் ஒரு சுவர் முழுவதும் கண்ணாடி. உடலின் நிலையைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ள அது உதவும். ஆனால் நாள் முழுவதும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்குத் தன் உடல்மீது வெறுப்பும் வரலாம். அதனால் சில இடங்களில் கண்ணாடிக்குத் திரை போட்டிருக்கிறார்கள். திரையை மூடிவிட்டால், உடலை உள்ளிருந்து உணர்ந்து ஆடப் பழக வேண்டும். காயத் தழும்புகளோடு வாழும் பெண்கள் பலரோடு பழகியவள் என்பதால் எனக்கு இந்தத் திரை மிகவும் பிடித்துக்கொண்டது.

இலண்டனில் உள்ள ரோயல் பலே பாடசாலையில் இன்னொன்றும் உண்டு. பாடசாலை ஒழுங்கையின் ஒரு பக்கம். ரோயல் ஒபேரா மண்டபம் மறுபக்கம். 2003இல் இரண்டையும் இணைத்து நான்காம் மாடி உயரத்தில் ஒரு பாலம் அமைத்தார்கள். வில்கின்சன் எயர் என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு அது. 23 சதுரச் சட்டங்கள், ஒவ்வொன்றும் முன்னையதைவிடச் சற்றுத் திரும்பியபடி, இடையே கண்ணாடி. நடனக்காரி உடலைத் திருப்புவது போலிருக்கும். வகுப்பறையில் பயிலும் பிள்ளை அதன் வழியாக நேரே மேடை இருக்கும் கட்டடத்துக்குப் போய்விடலாம்.

எங்களுக்கு இல்லாதது இந்தப் பாலம்தான். 2009இன் பின்னர் எங்கள் பகுதிகளில் எத்தனை பயிற்சிகள் நடந்தன! தையல், பேக்கரி, கணினி. சான்றிதழ்கள் றங்குப் பெட்டிக்குள் கிடக்கின்றன. பயிற்சி முடிந்த பிறகு எங்கே போவது என்பதை வரைபடத்தில் யாரும் வரையவில்லை.

சகோதரிகளே, உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒரு கட்டடம் வருகிறது என்றால், அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மழைக்குத் தரை வழுக்குமா? பிடித்து நடக்கக் கம்பி உண்டா? கைக்குழந்தையைக் கிடத்த ஒரு மூலை உண்டா? படித்து முடித்தபின் வேலைக்கு வழி எது? ஒரு பிள்ளையின் முழங்காலுக்காகத் தரையையே வேறுவிதமாகக் கட்டுகிறார்கள் என்றால், நாங்கள் இவற்றைக் கேட்பதில் தவறே இல்லை.