ஓடாத வண்டியும் தேயும்

பழைய காரின் பராமரிப்புக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று ஓடிய கிலோமீட்டர். மற்றொன்று கடந்துபோன மாதங்கள். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதன்படி ஆயிலையும் பாகங்களையும் மாற்ற வேண்டும் என்றுதான் வண்டியோடு வரும் கையேடு சொல்கிறது. புது வண்டி நிறைய ஓடும் என்பதால் கிலோமீட்டர் முந்திக்கொள்ளும். பதினைந்து வயதைத் தாண்டிய வண்டி கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் போய்வருகிறது. அதற்கு மாதக்கணக்குதான் முதலில் வந்து நிற்கிறது. ‘வண்டி ஓடவே இல்லையே, சர்வீஸ் எதற்கு?’ என்ற கேள்வியில்தான் பெரும்பாலான பழைய வண்டிகள் கெடத் தொடங்குகின்றன.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் மாருதி 800. இதன் முதல் காரின் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கொடுத்தார். கடைசி வண்டி 2014 ஜனவரியில் குர்கான் ஆலையிலிருந்து வெளிவந்தது. புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிகளால் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் 2010 ஏப்ரலிலேயே விற்பனை நின்றுவிட்டது. ஆகவே சென்னையில் புதிதாக விற்கப்பட்ட மாருதி 800-களில் வயதில் இளையதும் 2025-இல் பதினைந்தைத் தொட்டுவிட்டது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், கைக்கு எட்டும் இடத்தில் எல்லாப் பாகங்களும்: தெருமுனைப் பட்டறையிலும் பார்த்துவிடக்கூடிய வண்டி அது. ஸ்பேர் இல்லாமல் இந்த வண்டிகள் ஓரங்கட்டப்படுவது அபூர்வம். அவற்றை மூலையில் நிறுத்துவது கவனிப்பு விட்டுப்போவதுதான்.

வயதால் கெடுவது பெரும்பாலும் இரும்பு அல்ல. கிராங்க்கும் கியரும் நல்ல ஆயிலில் மூழ்கியிருந்தால் பல பத்தாண்டுகள் நிற்கும். நாள்பட நாள்பட மாறுவன ரப்பரும் திரவங்களும்தான். ஹோஸ், பெல்ட், ஆயில் சீல், ஜாயின்ட் பூட், புஷ், டயர் எல்லாம் ரப்பர். எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவை திரவங்கள். வண்டி நின்றாலும் இவற்றின் ஆயுள் கழிந்துகொண்டே இருக்கிறது.

எஞ்சின் ஆயிலை எடுத்துக்கொண்டால், குறைந்த தூரம் ஓடும் வண்டியில்தான் அது சீக்கிரம் கெடுகிறது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்து சிறிது நேரம் ஓடினால் ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். மூன்று கிலோமீட்டர் போய் அணைத்துவிட்டால் அது உள்ளேயே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தால், தயிர் ஏடு போல வெளிர் மஞ்சளாக ஒரு படிவு ஒட்டியிருக்கும். மூடியில் மட்டும் இருந்தால் நீண்ட தூரம் ஒருமுறை ஓட்டி ஆயில் மாற்றினால் போதும். டிப்ஸ்டிக்கிலும் அதே ஏடு தெரிந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டு வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. டிப்ஸ்டிக் பார்ப்பதற்கு முறை உண்டு: சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் விட்டு, ஒருமுறை துடைத்து, மறுபடி விட்டு எடுத்த பிறகு தெரியும் அளவே சரியான அளவு. பழைய எஞ்சின் ஓரளவு ஆயில் குடிக்கும்; எவ்வளவு குடிக்கிறது என்பது உரிமையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றிப் போனது. கேட்டிலின் அடியில் படிவது போலவே அந்தத் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படியும். கூலன்ட் ஊற்றுவது குளிர்நாட்டுப் பழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருப் பிடிக்காமல் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் நம் வெயிலுக்கு அதைவிட முக்கியம். ரேடியேட்டர் மூடிக்கும் இதில் பங்கு உண்டு. உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து, நீர் நூறு டிகிரியில் கொதிக்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். சூட்டில் அந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிப்பது இதனால்தான். சில நூறு ரூபாய் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்துபோனதை யாரும் பார்க்காமல், அலுமினிய ஹெட் வளைந்து ஆயிரக்கணக்கில் செலவாகிறது.

எல்லாவற்றிலும் அதிகம் மறக்கப்படுவது பிரேக் ஆயில். அது குறையாததால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பாவின் மூடி வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகிறது. டாட் 3 என்று குறிக்கப்பட்ட பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாத சூட்டில்தான் கொதிக்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவு 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. ஊருக்குள் ஓட்டும்போது இந்த வேறுபாடு தெரியாது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது தெரியும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரையைத் தொட்டும் வண்டி நிற்பதில்லை. ஏறிய கியரிலேயே மலை இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது பிரேக்குக்கு இந்தச் சூடு வராமல் இருக்கத்தான்.

புதிய பிரேக் ஆயில் இளந்தேன் நிறத்தில் இருக்கும். காலம் போகப் போகக் கறுத்து டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுவது நல்லது. இது இருவர் செய்யும் வேலை: ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து நிப்பிளைத் திறந்து மூடுவார். ‘மிதி, பிடி, விடு’ என்று மூன்று சொற்களில் வேலை நடக்கும். சிறு பிளாஸ்டிக் குழாயில் முதலில் கறுப்பும் காற்றுக் குமிழும் வந்து, பிறகு தேன் நிறம் வரும்வரை இது தொடரும். பின்சக்கர டயரின் உட்பக்கம் ஈரமாகத் தெரிந்தால் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் கசிகிறது என்று பொருள்; அதைத் தள்ளிப்போடுவதற்கு எந்தக் காரணமும் போதாது.

டயரில் பட்டன் தேயவில்லை என்பதால் நம்பி ஓட்டுகிறார்கள். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் கடைசி நான்கு எண்களைப் படிக்க வேண்டும்: 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் நிறைய இருந்தும் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தால் அந்த டயரின் காலம் முடிந்தது. பல வண்டிகளில் ஸ்டெப்னிதான் எல்லாவற்றிலும் மூத்தது. டைமிங் பெல்ட்டும் அப்படியே. அது அறுவதற்கு முன் சத்தம் எதுவும் கொடுக்காது. பழைய வண்டியை வாங்குபவர் அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லாவிட்டால், மாற்றப்படவில்லை என்றே கொள்வது பாதுகாப்பு. பேட்டரி முனையில் பூக்கும் பச்சைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி வாசலின் தடவினால் போதும்.

பெட்ரோலே மாறியிருப்பது பழைய வண்டிகளுக்கு வந்த புதிய சோதனை. இப்போது பங்கில் கிடைப்பது இருபது விழுக்காடு எத்தனால் கலந்தது. மாருதி 800 செய்யப்பட்டபோது அந்த எரிபொருளை யாரும் கணக்கில் கொள்ளவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; பழைய ரகப் பெட்ரோல் ஹோஸையும் கார்புரேட்டர் கேஸ்கெட்டையும் ஊறவைத்து இளக்கும். அதற்கென்று வரும் ஹோஸை வாங்கிப் போடுவது பெரிய செலவு அல்ல. கார்புரேட்டர் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் கிண்ணத்தில் மிஞ்சிய பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைத்துவிடும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் உறுமவிடுவது இதற்கு மருந்தாகாது. மேலே சொன்ன ஈரத்தைத்தான் அது கூட்டும். இருபது கிலோமீட்டராவது ஓட்டிவருவதே பலன் தரும்.

கடலோர ஊர்களில் துரு தனிப் பகை. கதவின் அடிவிளிம்பில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். மண் அடைத்தால் கதவு உள்ளிருந்து அரிக்கும். ஒரு தென்னங்குச்சி போதும் அதைக் குத்திவிட. மிதியடிக்குக் கீழுள்ள ஈரமும் அப்படித்தான் தரைத் தகட்டைத் தின்னும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களில், நீர் வடிந்ததும் சாவியைத் திருகியவைதான் அதிகம் கெட்டன. சிலிண்டருக்குள் போன நீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, ஆயில் எல்லாவற்றையும் வடித்து, பிரேக் டிரம்மைத் திறந்து பார்த்த பிறகே அப்படிப்பட்ட வண்டிக்கு உயிர் கொடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது. டேஷ்போர்டுக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றியது, எவ்வளவு ஆனது என்று நான்கே கட்டங்கள். வண்டி கைமாறும்போது சாவியோடு அதையும் கொடுப்பது வாங்குபவருக்குச் செய்யும் பேருதவி.

தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டும்போது விளக்கு, ஹாரன், பிரேக் ஆகியவற்றோடு சேஸிஸ் எண்ணும் பார்க்கப்படும். எஞ்சின் அறையில் தகட்டின் மேல் பொறித்த எண்ணின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்கள். துருவை அவ்வப்போது சுரண்டிக் கொஞ்சம் கிரீஸ் தடவிவந்த வண்டியில் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக எழும்பும். கவனிக்காமல் விட்ட வண்டியில், எத்தனை முறை தேய்த்தாலும், தாளில் கறுப்பு மட்டுமே விழும்.