அம்மன் வாசலில் ஒரு கேள்வி

வைகாசி மாதம் மட்டக்களப்பில் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும் காலம். உளவளத்துணைக்காக என்னிடம் வரும் ஓர் அக்கா, "வாக்குக் கேட்கப் போறன், நீங்களும் வாங்க தங்கச்சி" என்று அழைத்தார். வாழைச்சேனை பஸ்ஸில் ஏறினோம்.

ஏறாவூர், செங்கலடி கடந்து வந்தாறுமூலை வந்ததும் அக்காவின் பேச்சு நின்றுவிட்டது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, அங்குள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அக்காவின் கணவரும் அதே வருடம் வேறோர் ஊரில் காணாமற் போனவர்.

பஸ்ஸால் இறங்கி வயல் வரம்பால் நடந்தோம். சிறிய கோயில். வேப்பமரம், மணல் முற்றம், உடுக்குச் சத்தம். முகாம்களில் கேட்கப் பயந்ததைப் பெண்கள் இப்படியான வாசல்களில்தான் கேட்டு அழுதார்கள். மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் 1990களில் இங்கு தங்கி ஆராய்ந்து இதைப்பற்றி எழுதியிருக்கிறார்.

அக்கா முன்பு வேறோரிடத்தில், "ஆள் உயிரோடு இருக்கிறார், பரிகாரம் செய்தால் வருவார்" என்ற சொல்லை நம்பித் தன் தோட்டை விற்றுக் கொடுத்தவர். இங்கே அவர் கேட்டது ஒன்றுதான்: "அவர் இருக்கிறாரா, இல்லையா? நான் பொட்டு வைக்கிறதா, விடுகிறதா?"

தெய்வம் ஏறியிருந்த அம்மா வேப்பிலையால் அக்காவின் தலையைத் தடவினார். "புள்ள, அது எனக்குத் தெரியுதில்ல. தெரியாததைச் சொல்லமாட்டன். நீ சுமந்தது அம்மனுக்குத் தெரியும்." தட்டில் வைத்த காசில் கற்பூரச் செலவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் அக்கா என்னிடம், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். 'இனி வரமாட்டார், மனதைத் தேற்றுங்க' என்ற சொல் என் வாய்வரை வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் நானும் குறி சொன்னவள்தானே! ஆறுதலுக்காகவென்றாலும் ஓர் உயிரை முடித்துவைக்க எனக்கு உரிமை ஏது? "எனக்கும் தெரியாது அக்கா" என்றேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2016இல் வந்த சட்டத்திருத்தம், இறந்ததாகப் பதியாமலே 'காணாமற் போனவர்' என்று சான்றிதழ் பெற வழிசெய்தது. காணி, வங்கி அலுவல்களுக்காக அவரை இறந்தவராக்க வேண்டியதில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

சகோதரிகளே, வாக்குக் கேட்பது உங்கள் விருப்பம். ஆனால் உறுதியாகப் பதில் சொல்லிக் காசு கேட்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். எங்களைப் போன்ற உளவளத்துணையாளர் அப்படிச் சொன்னாலும் அதையே செய்யுங்கள்.

பஸ் வந்தாறுமூலையைத் தாண்டியபோது அக்கா நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார்.