தோட்டாவும் தூரமும்

அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் எழுதும் கடிதங்களில் நலம் விசாரிப்பு இருக்கும். வேலையைப் பற்றிய செய்தி இருக்கும். சில வேளைகளில் பெண் பார்க்கும் பேச்சும் இருக்கும். சென்ற ஆண்டு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலிருந்து என் தம்பியின் மகன் எழுதிய கடிதமோ வேறு விதமானது.

"பெரியப்பா, இங்கு உரிமம் பெற்று மான் வேட்டையாடுவது சட்டத்திற்கு உட்பட்டது. தொலைவிலிருந்து சுடுவதற்கேற்ற துப்பாக்கி ஒன்றைச் சொல்லிச் செய்விக்கப் போகிறேன். எந்தத் தோட்டா என்று முதலில் முடிவு செய்யும்படி துப்பாக்கி செய்பவர் கேட்கிறார். தாத்தா துப்பாக்கி வைத்திருந்தவர் என்று அப்பா சொல்வார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தான்.

படித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. சிறிது நேரத்தில் அது மறைந்துவிட்டது. காரணம், அந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பம் ஒருமுறை தவறான விடை அளித்திருக்கிறது.

என் தந்தையார் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை வழியே சாமராஜநகருக்குக் குடிபெயர்ந்தவர். பிளிகிரிரங்கன் மலையடிவாரத்தில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கேழ்வரகு பயிரிட்டார். பயிர்க் காவலுக்காக உரிமம் பெற்று, பன்னிரண்டாம் எண் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் பருமன் எவ்வளவோ, அதுவே அக்குழலின் அகலம். அதனாலேயே அந்தப் பெயர்.

1962ஆம் ஆண்டில் எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு நிலவு நாளில் தந்தையாருடன் பரண்மேல் இருந்தேன். பன்றிக்கு உரிய பெரிய ரவை கொண்ட 'எல்.ஜி.' தோட்டாக்கள் தீர்ந்துபோயிருந்தன. பறவைக்கான சிறு ரவைத் தோட்டா ஒன்றுதான் கையிலிருந்தது. நள்ளிரவில் எழுபது அடி வைப்புத் தொலைவில் ஆண் பன்றி ஒன்று கதிர்களை உழக்கிக்கொண்டிருந்தது. பாடுபட்டு வளர்த்த பயிர் கண்முன்னே அழிவதைக் காணப் பொறாமல் தந்தையார் சுட்டார். பன்றி அலறியவாறு உண்ணிச்செடிப் புதருக்குள் ஓடி மறைந்தது.

பொழுது விடிந்ததும் அந்தப் புதரோரம் விறகு பொறுக்கப் போன கூலியாள் ஒருவரின் தொடையை அது கிழித்துவிட்டது. அவர் உயிர் பிழைத்தார். ஆயினும் இறுதிவரை ஒரு காலை இழுத்தே நடந்தார். மருத்துவச் செலவைத் தந்தையார் ஏற்றுக்கொண்டார். ஒவ்வோர் அறுவடையிலும் முதல் மூட்டை அவர் வீட்டிற்கே சென்றது. ஆனால் அவர் நடந்து வரும் ஓசை கேட்டால் தந்தையார் தலை நிமிர்ந்து நான் கண்டதில்லை.

காயம்பட்ட பன்றியைத் தேடிச் சென்று முடித்தவர் முதிய சோலிகர் ஒருவர். வெள்ளைக்காரத் துரைமார்களுக்குத் தடம் பார்த்துக் கொடுத்துப் பழகியவர் அவர். தந்தையாரிடம் அவர் கோபமாக எதுவும் பேசவில்லை. "எந்த விலங்கு, எவ்வளவு தூரம், தப்பினால் தேடிப் போவது யார்? இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தானே தோட்டாவைத் தொட வேண்டும், ஐயா?" என்று மட்டும் கன்னடத்தில் கேட்டார்.

தம்பி மகனுக்கு விடை எழுத உட்கார்ந்தபோது இந்த மூன்று கேள்விகளே என் முன் நின்றன.

நம் பக்கத்துக் காடுகளில் வேட்டையாடி நூல்கள் எழுதிய கென்னத் ஆண்டர்சனை வாசகர்கள் அறிந்திருக்கலாம். அவர் கையாண்டது '.405 வின்செஸ்டர்' என்னும் தோட்டா. 1904ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் குண்டு 300 கிரெயின், அதாவது 19 கிராமுக்கு மேல் எடையுள்ளது. விநாடிக்கு ஏறத்தாழ 2,200 அடி வேகத்தில் புறப்படுவது. முனை மழுங்கிய குண்டாதலால் தொலைவு செல்லச் செல்ல அதன் வேகம் விரைவாகத் தளர்ந்துவிடும். அடர்ந்த புதர்களுக்கிடையே சில கஜ தூரத்தில் புலியை எதிர்கொள்பவருக்கு அந்தக் குறை ஒரு பொருட்டன்று. மொன்டானாவின் திறந்த மலைச்சரிவுக்கோ அது பொருந்தாது.

தம்பி மகன் மூன்று தோட்டாக்களைக் குறிப்பிட்டிருந்தான். '6.5 கிரீட்மூர்' 2007ஆம் ஆண்டில் வந்தது. நீண்டு கூரிய, 9 கிராம் அளவுள்ள குண்டு காற்றை நன்கு கிழித்துச் செல்லும். தோளில் உதை குறைவு. '.300 வின்செஸ்டர் மாக்னம்' 1963ஆம் ஆண்டில் வந்தது. அதன் தாக்கும் ஆற்றல் முன்னதைப்போல் ஒன்றரை மடங்கு. ஆனால் உதையோ ஏறத்தாழ இரு மடங்கு. 1962ஆம் ஆண்டில் வந்த '7 மி.மீ. ரெமிங்டன் மாக்னம்' இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. மாக்னம் தோட்டாக்கள் நீளமானவை. அவற்றிற்குத் துப்பாக்கியின் இயங்குபகுதியும் நீளமாக வேண்டும். மருந்து மிகுதியால் குழலும் விரைவில் தேயும். தோட்டாவை முதலில் கேட்பது இதனால்தான்.

அவன் நாடியதோ எல்க் என்னும் பெரிய மான். அதில் ஆண், 300 கிலோ எடைகூட இருக்கும். நான் எழுதினேன்: "சிறிய மானுக்கு 6.5 போதும். எல்க் மானைத் தொலைவிலிருந்து சுடுவதானால் 7 மி.மீ. மாக்னம் தகும். .300 உதைக்கிறதென்று நீ கண்ணை மூடிக்கொள்வாயானால் அதன் ஆற்றலால் பயனில்லை. நூறு முறை சுட்டும் தோள் அஞ்சாத தோட்டாவே உன் தோட்டா.

"ஒன்றை மறவாதே. 200 கஜத்திற்குக் குறி சரிசெய்த 6.5 கிரீட்மூர் குண்டு, 500 கஜத்தை அடையும்போது ஏறத்தாழ நான்கடி தாழ்ந்துவிடும். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அதை ஒன்றரை அடி அளவு ஒதுக்கிவிடும். அது போய்ச் சேர அரை விநாடிக்கு மேலாகும். அதற்குள் விலங்கு ஓர் அடி எடுத்து வைக்கலாம். தாழ்வைக் கணக்கிடக் கருவி உண்டு. அந்த ஓர் அடியைக் கணக்கிட எந்தக் கருவியும் இல்லை. தோட்டா எட்டும் தூரம் வேறு; நீ உறுதியாக அறிந்த தூரம் வேறு. இரண்டில் குறைந்ததே உன் எல்லை." பன்றியின் கதையையும் மறைக்காமல் எழுதினேன். அவன் தந்தைகூட அதனை முழுதும் அறியான்.

இங்கு இன்று காலம் மாறிவிட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் என் தந்தையார் துப்பாக்கியை ஒப்படைத்தார். பிளிகிரிரங்கன் மலை 2011ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயிற்று. 2019 அக்டோபரில் குண்டுலுப்பேட்டை வட்டத்தில் மனிதரைக் கொன்ற புலியை வனத்துறையினர் மயக்க ஊசி எய்து உயிருடன் பிடித்தனர். அந்த ஊசிக்கும் விலங்கின் எடை அறிந்து மருந்தளவு குறிக்க வேண்டும். தூரம் அறிந்து விசை வைக்க வேண்டும். மயங்காமல் ஓடினால் பின்தொடர ஆள் வேண்டும். முதியவரின் மூன்று கேள்விகளும் அப்படியே இருக்கின்றன.

பனிக்காலம் தொடங்கியபின் தம்பி மகனிடமிருந்து மறுமொழி வந்தது. 7 மி.மீ. மாக்னத்தையே தேர்ந்திருந்தான். "பெரியப்பா, கடைசி நாளில் ஒரு நல்ல எல்க் நின்றது. அளந்து பார்த்தேன், 520 கஜம். குறுக்கே காற்று. சுடாமல் வந்துவிட்டேன். நண்பர்கள் கேலி செய்தார்கள்" என்று எழுதியிருந்தான்.

கடிதத்தை இருமுறை படித்துவிட்டு, சுவரிலிருந்த தந்தையார் படத்தின் எதிரே நின்று உரக்க ஒருமுறை படித்தேன்.