எழுதாத சட்டம்

இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் அரசியல் சட்டத்தை ஒரே புத்தகமாக எழுதி வைத்துக்கொள்ளவில்லை. பார்லிமெண்டு நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்க அரசருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் 1708-க்குப் பிறகு ஒருவரும் மறுத்ததில்லை. கையைப் பிடித்துத் தடுப்பது வழக்கம்தான்.

நாமோ எல்லாவற்றையும் எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். மந்திரி சபை ஜனாதிபதிக்கு உதவியும் ஆலோசனையும் அளிக்கும் என்றுதான் 1950-ல் எழுதினோம். அவர் அதைக் கேட்டே தீரவேண்டும் என்று எழுதவில்லை. 1951-ல், ஹிந்து சட்ட மசோதா விஷயத்தில், ராஜேந்திர பிரசாத் இந்தக் கேள்வியைக் கிளப்பினார். நேரு அபிப்பிராயம் கேட்டவர்களில் ஒருவர் நம் மயிலாப்பூர்வாசி, சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர். மந்திரிகளின் ஆலோசனைப்படியே ஜனாதிபதி நடக்கவேண்டும் என்று அவர் சொன்னார். விவகாரம் அடங்கியது. அந்த ஒரு வரி சட்டத்தில் ஏற 1976 வரையில் ஆயிற்று. அதுவரை மரியாதையே சட்டமாக இருந்து காப்பாற்றியது.

இன்னொரு பாடம் தியாகராய நகரில் இருக்கிறது. ராஜாஜி வாழ்ந்த பசுல்லா ரோடும், காமராஜர் வாழ்ந்த திருமலைப் பிள்ளை ரோடும் நடந்து போகிற தூரம்தான். 1952 தேர்தலில், சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. தேர்தலில் நிற்காத ராஜாஜியைக் கவர்னர் மேல்சபைக்கு நியமித்தார். அவர் முதல் மந்திரியானார். சட்டப் புத்தகத்தில் அதற்கு இடம் இருந்தது. 1954-ல் முதல் மந்திரியான காமராஜரும் அப்போது சட்டசபை உறுப்பினர் அல்ல. மேல்சபைக் கதவு அவருக்கும் திறந்தே இருந்தது. அவரோ குடியாத்தத்துக்குப் போய், இடைத் தேர்தலில் நின்று, ஓட்டுக் கேட்டு ஜெயித்து வந்தார்.

ராஜாஜியின் மேதையில் எனக்குள்ள மதிப்புக் குறையவில்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு குடியாத்தம் போனவருக்கே. அது வழக்கமாக வேரூன்றியதா என்றால் இல்லை. 1967-ல் அண்ணா மேல்சபை வழியாகவே வந்தார். 1986-ல் மேல்சபையே போய்விட்டது.

இவ்வளவு செய்யலாம் என்கிறது எழுதின சட்டம். இவ்வளவோடு நின்றால் அழகு என்கிறது எழுதாத சட்டம். முன்னதை மீறினால் கோர்ட்டு உண்டு. பின்னதை மீறினால் வெட்கம் ஒன்றுதான் தண்டனை. வெட்கப்படுகிறவர்கள் குறையக் குறைய, நாம் சட்டத் திருத்தம் எழுதிக்கொண்டே போகவேண்டியதுதான்.