கண்ணும் கதிரவனும்

கிழக்கே மேகமலையின் முடியில் எழுந்து, மேற்கே கேரள எல்லை மலைகளுக்குப் பின்னே மறையும் ஞாயிற்றைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லும் திராட்சையும் அக்கதிரின் கொடை. இளங்கோவடிகளும் திங்களை அடுத்து ஞாயிற்றைப் போற்றியே தம் காப்பியத்தைத் தொடங்கினார். போற்றுதற்குரிய அந்த ஞாயிற்றைக் காணும் முறையை மட்டும் நாம் கற்காமல் விட்டோம். அதற்கு எம் குடும்பம் கொடுத்த விலையை மாணவர் நலன் கருதி இங்கே எழுதுகிறோம்.

1995ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் காலை. வட இந்தியாவில் முழுமையாகவும் நம் பக்கத்தில் பகுதியாகவும் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. யாம் அப்போது பள்ளி மாணவர். எம் நன்னி விடிந்ததும் வாசற்கதவைச் சாத்திவிட்டார். அடுத்த வீட்டில் தட்டில் நீரூற்றி உலக்கையை நிறுத்தி வைத்திருந்தனர். எம் பெரியத்தா மகனான அண்ணன் அப்போது மேல்நிலை வகுப்பில் முதல் மாணவர். "பாம்பும் இல்லை, விழுங்கவும் இல்லை; நிலாவின் நிழல்தான் நன்னி" என்று நகைத்தார். பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். எம்மையும் அழைத்தார். நன்னி எம் கையை இறுகப் பற்றிக்கொண்டமையால் யாம் போகவில்லை.

அண்ணன் இறங்கி வந்தபோது அவருக்கு வலியில்லை, எரிச்சலில்லை. மாலையில் பாடநூலைப் பிரித்தபோதுதான் திகைத்தார். பக்கத்தின் ஓரங்கள் தெரிந்தன. உற்று நோக்கிய எழுத்து மட்டும் தெரியவில்லை. விழித்திரை புண்பட்டிருக்கிறது, இதற்கென்று மருந்தில்லை, காத்திருந்து பார்ப்போம் என்றார் மருத்துவர். சில திங்களில் இடக்கண் ஓரளவு தெளிந்தது. வலக்கண்ணின் நடுவில் விழுந்த கரும்புள்ளி இன்றுவரை அகலவில்லை. எண்ணையும் எழுத்தையும் கண்ணென்றார் வள்ளுவர். அவ்விரண்டிலும் சிறந்திருந்த அண்ணன் கல்லூரி வாயிலை மிதிக்காமலே போடியில் ஏலக்காய்க் கடைக்குச் சென்றார். காயின் தரத்தை இன்றும் விரலால் தடவியே சொல்கிறார்.

பிழை யாருடையது? பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்திருக்கிறோம். நன்னி சொன்ன காரணம் தவறு. ஆனால் அவர் செயல் எம் கண்ணைக் காத்தது. அண்ணன் சொன்ன காரணம் சரி. ஆனால் அவர் செயல் அவர் கண்ணைக் கெடுத்தது. அச்சத்தை விட்டொழித்தவர், அதனோடு எச்சரிக்கையையும் சேர்த்து விட்டுவிட்டார். அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அம்மறைவினாலேயே கதிர் மங்கியது என்று மக்கள் பேசியபோது, எவருடைய பிறப்புக்கோ இறப்புக்கோ கிரகணம் பிடிப்பதில்லை, அவை இறைவனின் சான்றுகள் என்று தெளிவுறுத்தித் தொழுகையில் நிற்கச் செய்தார்கள். மூடநம்பிக்கையை நீக்கிய அதே வேளையில் அடக்கத்தையும் கற்பித்த நெறி அது.

கிரகண நாளில் கதிரவன் புதிய நஞ்சு எதையும் உமிழ்வதில்லை. ஏனைய நாள்களில் கூச்சம் தாங்காது நாமே கண்ணைத் திருப்பிக்கொள்கிறோம். பெரும்பகுதி மறைந்த வேளையில் கூச்சம் குறைவதால் கண் துணிந்து நோக்குகிறது. எஞ்சிய சிறு கீற்றே விழித்திரையைச் சுடப் போதுமானது. விழித்திரைக்கு வலியுணர்வு இல்லை. ஆகவே சுடுவது தெரிவதில்லை. எக்ஸ்ரே படம், கரிபூசிய கண்ணாடி, வெயில் கண்ணாடி ஆகியன கூச்சத்தைக் குறைக்குமேயன்றிக் கேட்டைப் போதிய அளவு தடுப்பதில்லை. நீரில் தெரியும் பிம்பத்தை உற்று நோக்குவதும் தீங்கே. ஐ.எஸ்.ஓ. 12312-2 தரச்சான்று பெற்ற, கீறல் இல்லாத கிரகணக் கண்ணாடியோ, 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடியோதான் நேரே காண ஏற்றவை. அவற்றை அணிந்துகொண்டும் தொலைநோக்கியில் கண்ணை வைத்தல் ஆகாது.

கண்ணாடி கிட்டாதவர்க்கும் வழி உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைஸம், சிறு துளையின் வழியே வரும் கிரகணக் கதிர் பிறை வடிவில் விழுவது ஏன் என்று தனி நூலே எழுதி ஆராய்ந்தார். அட்டையில் ஊசியால் ஒரு துளையிட்டு, கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, துளை வழி வரும் ஒளியை வெள்ளைத்தாளில் வீழ்த்தினால் போதும். துளையின் வழியே கதிரவனைப் பார்க்கக் கூடாது. தாளையே பார்க்க வேண்டும். நமக்கு வடக்கே கொடைக்கானல் மலையில் 1901 முதல் கதிரவனை ஆராய்ந்துவரும் ஆய்வகத்தாரும் கருவியில் விழும் உருவத்தைக் கொண்டே பயில்கின்றனர்.

2019 டிசம்பர் 26இல் கோவையிலும் திண்டுக்கல்லிலும் கதிரவன் கங்கணமாகத் தோன்றியபோது, நம் பகுதியில் மெல்லிய பிறையாகத் தெரிந்தது. அன்று அண்ணனைப் புளியமரத்தடிக்கு அழைத்துச் சென்றோம். இலைகளின் இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, மண்ணெங்கும் நூறு நூறு பிறைகளைச் சிந்தியிருந்தன. அண்ணன் குனிந்து, தலையைச் சற்றே சாய்த்து, ஓரக்கண்ணால் நெடுநேரம் நோக்கினார். "இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார். யாம் விடையின்றி நின்றோம்.

மாணவச் செல்வங்களே! 2031 மே 21ஆம் நாள் நண்பகல் கடந்த வேளையில் தேனி, மதுரை வழியாகவே கங்கண கிரகணம் செல்ல இருக்கிறது. கங்கணம் முழு மறைப்பன்று. வளையமாய் ஒளிரும் அந்நேரத்திலும் வெறுங்கண்ணால் காணத்தக்க நொடி ஒன்றும் அதில் இல்லை. அன்று கதவைச் சாத்தவும் வேண்டா. துணிந்து அண்ணாந்து பார்க்கவும் வேண்டா. உங்கள் தெருவில் ஒரு சிறுவன் எக்ஸ்ரே படத்தோடு மாடியேறினால், அவன் கையில் துளையிட்ட அட்டையைக் கொடுங்கள். அண்ணனிடம் அன்று ஒருவரும் சொல்லாததை நீங்கள் அவனுக்குச் சொல்லுங்கள். அதற்கான வாய்ப்பை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.