குட்டி யானை முதுகில் ஒரு வீடு

"பெரியப்பாவைப் போய்ப் பார். நாலு வார்த்தை நல்லபடியாகச் சொல்லி, அந்தப் பைத்தியக்கார யோசனையைக் கைவிடச் செய்துவிட்டு வா" என்று குடும்பம் கூடி என்னைத் தஞ்சாவூருக்கு அனுப்பி வைத்தது. பத்திரிகைக்காரன் என்றால் யாரையும் பேசி ஜெயித்துவிடுவான் என்று நம் ஜனங்களுக்கு ஓர் அபார நம்பிக்கை. போனவன் மூன்றாம் நாள் சாயங்காலம், கையில் திருப்புளியும் தலையெல்லாம் மரத்தூளுமாகக் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஜெயித்தது யார் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இது 2024 மே மாதத்துக் கதை. பெரியம்மா காலமாகி ஒரு வருஷம் முடிந்திருந்தது. பெங்களூரில் இருக்கும் அண்ணன், "இங்கே வந்துவிடுங்கள், அப்பா" என்று அழைத்துக்கொண்டே இருந்தான். பெரியப்பாவோ தம் சேமிப்பிலிருந்து ஒரு பழைய குட்டி யானையை வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். 2005-ஆம் வருஷம் டாடா கம்பெனியார் வெளியிட்ட ஏஸ் என்ற சின்னச் சரக்கு வண்டிக்கு நம் ஊர்க்காரர்கள் வைத்த செல்லப் பெயர் அது. அதன் முதுகில் ஒரு வீடு கட்டிக்கொண்டு, இனி அதிலேயே குடியிருக்கப் போகிறேன் என்றார், அறுபத்தாறு வயதில்.

"எதுக்குப் பெரியப்பா?" என்று கேட்டேன்.

"முப்பத்து மூணு வருஷம் பொதுப்பணித் துறையிலே இருந்தேன். தலைப்பிலேருந்து தண்ணியை அனுப்பினேன். கடைமடைக்காரங்க 'வரலே, வரலே'ன்னு மனு கொடுத்துக்கிட்டே இருந்தாங்க. 'விட்டாச்சு, வரும்'னு நானும் பதில் எழுதிக்கிட்டே இருந்தேன். போச்சா இல்லையான்னு ஒரு தடவைகூட அதோட கூடவே போய்ப் பாத்ததில்லேடா தம்பி."

"லாட்ஜில் தங்கிப் பார்க்கலாமே?"

"தண்ணி ராத்திரி ரெண்டு மணிக்கு வரும். லாட்ஜுக்கு வந்து கதவைத் தட்டுமா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நான்காகப் பிரிகிறது தண்ணீர். இவற்றில் கடைசியானதைத் தஞ்சாவூர்க்காரர்கள் 'புது ஆறு' என்பார்கள். மேட்டூர் அணையோடு 1934-இல் வந்தது. தொண்ணூறு வயதாகியும் இன்னும் புதுசுதான்! அதன் வால் பேராவூரணிப் பக்கம் போய் முடிகிறது. அந்த வாலைத்தான் பெரியப்பா முதலில் பிடிக்க விரும்பினார்.

வண்டியில் குடித்தனம் நடத்துவது நம் சீமைக்குப் புதிதல்ல. கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, கட்டுச்சாதமும் கூஜாவுமாகத் திருவிழாக்களுக்குப் போய் வந்த ஜனங்கள்தானே நாம்? அதைவிட ஒரு படி மேலே போனது மன்னார்குடி. 1931-ஆம் வருஷம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியையே நூலகமாக்கிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலகத் தந்தை ரங்கநாதனும் அதே பழைய தஞ்சை ஜில்லாவில், சீர்காழிப் பக்கம் பிறந்தவர்தாம். பெரியப்பாவின் தகப்பனார் சிறுவயதில் அந்த வண்டியைப் பார்த்திருக்கிறாராம். ஆகவே வீட்டிலே அடுப்பு இருக்கிறதோ இல்லையோ, புத்தக அலமாரி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது.

வண்டியின் மேடை சுமார் ஏழடி நீளம். அகலம் ஐந்தடிக்கும் குறைவு. இதற்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர், புத்தகம், பெரியப்பா! பெட்டி செய்ய மரத்துக்கு எங்கே போவது என்று நான் விழித்தபோது, அவர் கூடத்தைக் காட்டினார். அங்கே காலியாக நின்றது பத்தாயம். தாத்தா காலத்துத் தேக்கு. "நெல்லு இல்லாத பத்தாயம் என்னத்துக்கு?" என்று தாமே முதல் பலகையைப் பெயர்த்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதே மரியாதை என்று தோன்றியது.

பெட்டி பிரமாதமாக வந்தது. இரும்பு ஆங்கிள் சட்டம், தேக்குச் சுவர், தகரக் கூரை. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். சாமான்களை எல்லாம் ஏற்றி, ரைஸ் மில்லின் எடைமேடையில் கொண்டுபோய் நிறுத்தினோம். வண்டி தாங்க வேண்டியது 750 கிலோ. சீட்டில் விழுந்த எண்ணில் காலி வண்டியைக் கழித்தால் 790! மில் குமாஸ்தா எட்டிப் பார்த்து, "என்ன சார், நெல்லா?" என்றார். போதாக்குறைக்கு, ஆற்றங்கரைச் சாலையில் முதல் வளைவிலேயே பூவரசங் கிளை ஒன்று தகரக் கூரையைப் பிறாண்டி எடுத்தது. வளைவில் திரும்பும்போது வண்டி தேர் மாதிரி ஆடிற்று.

"எழுநூத்தி அம்பதுன்னு போட்டிருந்தா அறுநூறோட நிறுத்திக்கணும். கரை மண்ணு இளக்கம்" என்றார் பெரியப்பா. ஏற்றிய பத்தாயப் பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அலுமினியச் சதுரக் குழாயும் மெல்லிய பிளைவுட்டும் ஏறின. வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கழற்றி வைத்திருந்த ஐம்பது கிலோ பாட்டரிக்குப் பதில் பதின்மூன்று கிலோவில் லித்தியம் பாட்டரி வந்தது. பழையதை முக்கால்வாசி காலி செய்தால் ஆயுசு குறையும், புதியது தாங்கும். கூரை மேல் நூறு வாட் சூரியத் தகடு ஒன்று. ஒரு மின்விசிறி, ஒரு விளக்கு, ஒரு தொலைபேசி. ஒண்டிக்கட்டைக்கு அது போதும். அறுபது லிட்டர் தண்ணீர் நாற்பதாயிற்று, லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால். புத்தகத்தில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. பலகைகளிலும் ஒன்றை விடவில்லை. கீல் போட்டு மடக்கிய அது, பகலில் மேஜை, இரவில் கட்டிலின் பாதி.

உயரத்துக்கு என்ன செய்வது? ஓடும்போது நாலடியாகக் குனிந்து, நின்றபின் நிமிரும் கூரை வேண்டும். குடை விரிவது போல. மேல்நாட்டில் இவ்வகை வண்டிகள் வெகுகாலமாக உண்டு. நாங்கள் நாலு மூலையிலும் குழாய்க்குள் குழாய் விட்டு, கிணற்றுக் கப்பியும் நைலான் கயிறும் மாட்டி இழுத்தோம். கூரை எழும்பிற்று, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு! நைலானுக்கு ஒரு குணம்: பாரத்தில் நீளும், ஈரத்தில் இன்னும் நீளும். நாலு கயிறும் நாலு விதமாக நீண்டால் கூரை எப்படி நேராக நிற்கும்? ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டினோம்.

அந்த வருஷம் ஜூன் 12 வந்தது, போனது. மேட்டூரில் தண்ணீர் இல்லை. ஜூலை 28-ஆம் தேதிதான் அணையைத் திறந்தார்கள். அன்று எங்கள் வண்டி கூரையில்லாமல் பட்டறையில் கிடந்தது. தண்ணீர் போயிற்று; பெரியப்பா போகவில்லை. இரண்டு நாள் அவர் யாருடனும் பேசவில்லை.

பட்டறைக்காரர்தாம் வழி சொன்னார். கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கிறதே வாயு நிரப்பிய தண்டு, அதில் இரண்டு. முன்பக்கம் கீல், பின்பக்கம் மட்டும் எழும்பும். ஒரு கையால் தள்ளினால் போதும். ஆனால் அந்தத் தண்டுகள் நாளாவட்டத்தில் சோர்ந்துபோகும். ஆகையால் இரண்டு இரும்புக் குழாய்களை முட்டுக் கொடுத்துக் கொண்டி மாட்டினோம். தூங்குகிறவன் தலைமேல் கூரை இறங்கலாமா?

சட்டத்தையும் மறக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. ஆகவே வண்டியில் வெட்டு, வெல்டிங் ஒன்றும் கிடையாது. பெட்டி தனி, மரையாணியைக் கழற்றினால் இறங்கிவிடும். கொண்டுபோய்க் காட்டியபோது அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடும்போது உள்ளே ஒருத்தரும் உட்காரக் கூடாது, ஐயா" என்று கண்டிப்பாகச் சொன்னார். அப்படியே நடந்துவருகிறார்.

நவம்பர் கடைசியில் வெள்ளோட்டம். நானும் கூடப் போனேன். தலைஞாயிறு தாண்டி, வேதாரண்யம் சாலையில் 26-ஆம் தேதி இரவு. பின்னால் புயலாகிப் புதுச்சேரிக்குப் பக்கம் கரையேறிய ஃபெஞ்சல் அப்போது கடலில் இருந்தது. மழையை மட்டும் எங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே கித்தான் துணி தைத்திருந்தோம். பருத்திக் கித்தான் நனைந்தால் நூல் உப்பி, கண்களை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் புதுத் துணியை முதலில் நனைத்துக் காய வைக்க வேண்டும். ஆனால் நனைந்த துணியை உள்ளேயிருந்து தொடக்கூடாது. தொட்ட இடத்தில் ஒழுகும். இதை அவர் சொன்னார். "அப்படியா?" என்று நான் தொட்டுப் பார்த்தேன்! விடிகிற வரை அந்த ஒரு விரல் அளவு இடத்திலிருந்து என் போர்வையில் சொட்டிக்கொண்டே இருந்தது.

அதுகூடப் பெரிதில்லை. முகப்பைக் காற்றுக்கு எதிராக நிறுத்தியிருந்தோம். சாய்ந்த கூரை மேல் வாடை வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு மணிக்கு மேல் காற்று திசை மாறிப் பின்பக்கம் புகுந்தது. கூரை முழுதும் விரிந்த குடையாகிவிட்டது, கீல்கள் முனகின. "இறக்குடா!" என்று கத்தினார். இருவரும் தொங்கி இழுத்து மூடினோம். கரை மண் கரையத் தொடங்கியிருந்தது. கூனிய வண்டியைத் தட்டுத் தடுமாறி ஓட்டி, பூட்டியிருந்த ஒரு நெல் கொள்முதல் நிலையத்துச் சிமெண்டுக் களத்தில் சேர்த்து, முன்னிருக்கையில் உட்கார்ந்தபடியே விடிய வைத்தோம். "பெங்களூர் போகலாமா, பெரியப்பா?" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து, 'கீல் – இன்னும் இரண்டு' என்று எழுதினார்.

மார்கழியில் தெரிந்தது இன்னொன்று. மழைக்குப் பயந்து கித்தானுக்குள் பிளாஸ்டிக் தார்ப்பாயும் போட்டிருந்தோம். அது மூச்சு விடாது. விடியற்காலையில் அவர் விட்ட மூச்சே நீராகிக் கூரையிலிருந்து அவர் மேலேயே சொட்டிற்று. தார்ப்பாய் போயிற்று, இரண்டு காற்றுத் துளைகளும் கொசுவலையும் வந்தன. மூன்றாவது துளை தரையில். ஐந்து கிலோ காஸ் உருளைக்காக அது. சமையல் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் கீழே தேங்கும், மேல் ஜன்னல் வழியாகப் போகாது. இதைச் செய்யாமல் வண்டியில் அடுப்பு வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது நெஞ்சு பதைக்கிறது.

கடைசியாக எடைமேடைச் சீட்டு: 560. அதில் புத்தகம் மட்டும் 55.

2025 ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது. சில நாளில் கல்லணையும். பெரியப்பா வண்டியைக் கிளப்பிப் புது ஆற்றங்கரையோடு தண்ணீரின் பின்னாலேயே போனார். நான் அலுவலகத்தில் இருந்தேன். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று தினம் ஒரு பேச்சு. பிறகு பேராவூரணிப் பக்கம் ஒரு மதகு ஓரத்தில் நின்றுவிட்டார். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். தண்ணீர் வரவில்லை. அலமாரியைத் திறந்து வைத்ததில் ஊர்ப் பையன்கள் புத்தகங்களை எடுத்துப் போய்விட்டார்களாம். "திரும்பி வருமா?" என்று கேட்டேன். "நான் எங்கே போவப் போறேன்?" என்றார்.

ஒன்பதாம் நாள் இரவு இரண்டரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. பதறிக்கொண்டு எடுத்தேன்.

"வந்திருச்சுடா. கணுக்கால் அளவுதான். செத்தையெல்லாம் தள்ளிக்கிட்டு வருது. ஊர்ச்சனம் பூரா லைட்டு எடுத்துக்கிட்டுக் கரையிலே நிக்குது." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நான் அந்தக் காலத்திலே எழுதின பதிலெல்லாம் இங்கேதான் வந்திருக்கும். ஒரு பெரியவர் கட்டி வச்சிருக்காரு, காட்டினாரு."

"என்ன சொன்னீர்கள்?"

"என்னத்தைச் சொல்ல? என் கையெழுத்துத்தான்னு சொன்னேன். டீ போட்டுக் கொடுத்தேன். சரி, நீ தூங்கு. காலையிலே அந்த வலது பக்கத்துத் தண்டு ஒண்ணு வாங்கிப் பஸ்ஸிலே போட்டு விடு. கூரை கொஞ்சம் இறங்குது."